பதினைந்து வருஷம் கழித்து வரும் நிழல்

ஜனவரி 18

மன்னித்துக்கொள் பாப்பா, இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்காருகிறேன். நீ தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது. நீ பெரியவளானதும் படிக்கத்தான் இதெல்லாம்.

பகலில் உன்னை விடுகிற குழந்தைகள் காப்பகத்து முற்றத்து மரத்தை இன்று வெட்டிவிட்டோம். மூன்று கோடையாக உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. அங்கே அடுத்து எதை நடுவது? நகராட்சிப் பூங்காப் பிரிவில் அதைச் சொல்ல வேண்டியவள் நான். ஒன்று மூன்றே வருஷத்தில் நிழல் தரும்; வரப்போகும் சூட்டை மட்டும் தாங்காது. இன்னொன்று வறட்சியைத் தாங்கும் மரம். நீ என் வயதுக்கு வரும்போதும் நிற்கும். ஆனால் நிழலுக்குப் பதினைந்து வருஷம்.

ஜனவரி 25

காப்பகத்தில் பெற்றோர் கூட்டம். இரண்டு மரத்தைப் பற்றியும் சொன்னேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா எழுந்தாள். "உங்க மரம் நிழல் தர்றதுக்குள்ள எம்பொண்ணுக்குக் கல்யாணமே முடிஞ்சிரும்!" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டில் உன் அப்பா சிரிக்கவில்லை. "நம்ம புள்ளையும் அங்கதானே விளையாடுது?"

பிப்ரவரி 2

வறட்சி தாங்கும் மரத்துக்கே கையெழுத்துப் போட்டேன். கன்று நட்டாயிற்று.

ஏப்ரல் 21

மத்தியானம் காப்பகத்திலிருந்து போன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த நீ மயங்கி விழுந்துவிட்டாய். "வெயில்தான். பயப்படாதீங்க, தண்ணி நிறையக் குடுங்க" என்றார் டாக்டர். உன் அப்பா ஈரத்துணியால் உன் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். நீ என் வயதுக்கு வரும் நாள்வரை கணக்குப் பார்த்தேனே — இந்த ஒரு மத்தியானத்தைப் பார்த்தேனா? மரம் எதுவானாலும், இந்தக் கோடைக்கு ஒரு பந்தலாவது போட்டிருக்க வேண்டாமா? நானெல்லாம் என்ன அம்மா?

ஏப்ரல் 22

எழுந்ததும் பால் கேட்டாய். போதும்.

மே 6

கண்ணாடிக்காரம்மா பச்சை நிழல்வலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முற்றத்தின் மேலே கட்டினோம். உன் அப்பாதான் ஏணி பிடித்தார். "மரம் வளர்ற வரைக்கும் இது இருக்கட்டும். மரத்தச் சாகடிச்சிராதீங்க, ஆமா!" என்றாள்.

அந்தப் பயத்தில் கன்றைச் சுற்றி மூன்று கம்பு ஊன்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இனி எந்தக் காற்றும் அதை அசைக்காது.

செப்டம்பர் 14

என்னோடு வேலை செய்கிறவள் கன்றைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். உயரம் போயிருக்கிறது, தண்டோ விரல் பருமன். "காத்துல ஆடினாத்தான் தண்டு பருக்கும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ நீதானேடி! இடுப்புலயே வெச்சிருந்தா அது எப்ப நடக்கிறது?"

கயிற்றைத் தளர்த்தினேன். காற்று வந்தது. கன்று ஒரேயடியாகச் சாய்ந்தது. பிடிக்கக் கை தானாக நீண்டது — கையை இழுத்துக்கொண்டேன். கன்று தானே மெல்ல நிமிர்ந்தது. நீ அதைப் பார்த்து அதைப்போலவே ஆடினாய், பொத்தென்று விழுந்தாய். நான் தூக்கவில்லை. நீயே எழுந்தாய். அதன் நிழல் உன் ஒற்றைச் செருப்பை மூடத்தான் காணும்.

பாப்பா, இதைப் படிக்கிற அன்று அந்த முற்றத்துக்குப் போய்ப் பார். மரம் நிற்கிறதா? உச்சி வெயிலில் அதன் அடியில் உட்கார முடிகிறதா? சீக்கிரம் பதில் எழுது.