மிஸியின் கார் இன்னும் ஓடுகிறது

எப்போதும் என்னை முந்திக்கொண்டு போகும் என் தவமணிக்கு,

கடைக்குப் போவதற்கும் நம்பர் போட்டு எழுதுகிற மனிசன் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாய். நீர்ப்பாசனக் கந்தோரில் காலமெல்லாம் வரைபடம் கீறியவனுக்கு வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. சொல்ல வந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. உன் கார் இன்னும் ஓடுகிறது.
2. இனி எவ்வளவு காலம் ஓடும் என்று யாருக்கும் கணிக்கத் தெரியவில்லை.
3. உன் சீற் துருப்பிடித்து இறுகிவிட்டது. அது அசையாது.
4. நம் மகள் சுதா சொல்வதை நான் கேட்கத்தான் வேண்டும்.

நாம் வாங்கும்போதே அது களைத்துப்போன கார். மீற்றரில் ஐந்து இலக்கம்தான்; அது ஒருமுறை சுற்றிப் பூச்சியத்துக்கு வந்ததா, இருமுறையா என்று விற்றவருக்கே தெரியாது. இரண்டு வருடம் தாங்காது என்று நான் சொன்னேன். நீ கார்த் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, “இஞ்சருங்க, எனக்கு வவுணதீவுக்குப் போய் வந்தாக் காணும். நிலாவுக்கா போகப்போறன்?” என்றாய்.

மருத்துவமாதுவாக, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வாவிக்கு அக்கரைக் கிராமங்களுக்கெல்லாம் நீ அதில்தான் போனாய். எனக்குக் கார் ஓடத் தெரியாது, பயம். பக்கத்து சீற்றில் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். “அந்தப் பக்கம் பிரேக் இல்ல. காலை எடுங்க, தகரம் ஓட்டையாகப் போகுது” என்பாய். இப்போது அந்த இடத்தில் உண்மையாகவே ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு தகரத் துண்டை வைத்து மூடியிருக்கிறேன்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்த ஒருத்தியைப் பார்க்கக் கடலோரத்து நாவலடிக்குப் போனாய். கடல் வந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடத்தியிருந்தவர்களுக்குள் உன்னைக் கண்டோம். கார், வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் செருகிக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. பின்கதவுகள் இரண்டும் திறந்திருந்தன.

தவமணி, அவற்றை யாருக்காகத் திறந்தாய்? சொல்லக்கூடியவர்கள் நாவலடியில் மிஞ்சவில்லை.

கிணறெல்லாம் உப்பாகிவிட்டதால் காரைக் கழுவவும் நல்ல தண்ணீர் இல்லை. காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் நஸீர், உனக்குத் தெரிந்தவன்தான், அதை உழவு இயந்திரத்தில் கட்டி வவுணதீவுக்கு இழுத்துப் போனான். வயல் வட்டைக்கு நடுவே ஓடும் வாய்க்கால் தண்ணீரில் கழுவினான். கதவுகளுக்குள்ளிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. “உப்புத் தண்ணி குடிச்ச எஞ்சின், சேர். ஒரு வருசம் ஓடினா அது அல்லாட கிருபை” என்றான்.

அவன் கணக்கும் பிழைத்தது, என் கணக்கும் பிழைத்தது. ஷெல்லுக்குப் பயந்து அக்கரைப் படுவான்கரைச் சனம் பாலத்தைக் கடந்து வந்தபோது, இந்தக் கார் பாயையும் பானையையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றியது. பிறகு யுத்தம் முடிந்தது. வவுணதீவுச் சோதனைச்சாவடியும் இப்போது இல்லை. இறங்கி நடக்காமல் அக்கரைக்குப் போகலாம் என்றால் நீ நம்புவாயா?

காரை ஓட்டுவது நான்தான். சுதா பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துப் பழக்கினாள். சைக்கிள்கள் என்னை முந்திப் போகின்றன. ஆனாலும் போகிறேன். காலையில் எண்ணெயும் தண்ணீரும் பார்த்துவிட்டு, உன் கிளினிக் நாளான வியாழக்கிழமைகளில் உன் றோட்டால் போய் வருகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. போனமுறை ஒரு பெண் வேலிக்குமேலால் எட்டிப் பார்த்து, “மிஸிட காருக்கு இன்னும் உசிர் கிடக்கே, ஐயா!” என்றாள். உன்னைத்தான் மிஸி என்கிறார்கள், இன்னும்.

எவ்வளவு காலம் ஓடும் என்று நஸீரிடம் கேட்டேன். “அதக் கேக்காதீங்க சேர். காதுல விழுந்தா நிண்டிரும்” என்று பொனற்றைச் சாத்திவிட்டான்.

இனி உன் சீற். நீ கட்டையானவள். அதை முன்னால் கடைசிப் பல்லுவரை இழுத்து வைத்துத்தான் ஓடுவாய். உப்புத் தண்ணீரில் அது அங்கேயே பிடித்துக்கொண்டது. நஸீர் கிறீஸ் பூசினான், சுத்தியலால் தட்டினான், அசையவில்லை. எனக்கோ நீண்ட கால். முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்ட, நீ விட்டுப்போன அளவுக்குள் என்னை மடித்துக்கொண்டு ஓடிப் பழகினேன்.

போன கிழமை கல்லடியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்குக்குக் காலைத் தூக்கினேன், முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே சிக்கிவிட்டது. மாடு தப்பியது. றோட்டோரம் குவித்திருந்த இளநிக் குவியலுக்குள் போய் நின்றேன். விற்கிறவன், “இளநி வேணுமெண்டா இறங்கிக் கேக்கலாமே, ஐயா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அந்தக் குவியலுக்கு அடுத்ததாக ஒரு பெண், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சுதா அன்று சாப்பிடவில்லை. “அப்பா, கார் இன்னும் பத்து வருசம் ஓடும். இந்தச் சீற்றில இருந்து ஓடினா நீங்கதான் இரிக்கமாட்டீங்க. வேற ஆரையும் இடிச்சா அம்மாட முகத்தில எப்படி முழிக்கிற?” என்றாள். சீற்றை வெட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் திறப்பைத் தன்னிடம் தந்துவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. நஸீரும் வந்து குனிந்து பார்த்தான். “கிரைண்டர் போட்டுத்தான் வெட்டணும், சேர். வெட்டினா இந்தச் சீற் இனி இல்ல. வேற ஒண்டு போட்டுத் தாறன்” என்றான். நாளைக் காலை வருகிறான்.

நாலாவதுக்கு வந்துவிட்டேன். மூன்றாவதைத் தாண்ட முடியவில்லை.

யுத்தம் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு, வவுணதீவுச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய், “ஐயா, சீட் பின்னால தள்ளு” என்றான். துரு, அசையாது என்றேன். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் ஒரே இழுவை இழுத்தான். கிறீச்சென்று பின்னால் போனது. “ஐயா பொய் சொல்றது” என்று சிரித்தான். கீழே அவன் தேடியது ஒன்றுமில்லை. அவ்வளவு கழுவியும் போகாத கொஞ்சம் மணல்தான்.

ஏறி இருந்தேன். காலை நீட்ட எவ்வளவு இடம்! பாலத்தைக் கடக்கும்வரை அப்படியே ஓடினேன். அதற்குமேல் முடியவில்லை. ஒரு மரத்தடியில் நிறுத்தி, சீற்றை மறுபடி முன்னால் தள்ளினேன். கடைசிப் பல்லில் டக்கென்று மாட்டியது. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. நஸீர் குனிகிற நேரமெல்லாம், அசையாது என்று நானே முந்திச் சொல்லிவிடுவேன். என் பேச்சை நம்பி அவனும் பலமாக இழுத்துப் பார்ப்பதில்லை.

நாளைக்கு அவன் கிரைண்டரை எடுக்குமுன், நீ இருந்த இடத்துக்கு நேரே, சீற் நகரும் இரும்புச் சட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறுவேன். கீறத்தான் எனக்குத் தெரியும். பிறகு சுதா பார்த்திருக்க, என் கையாலேயே சீற்றைப் பின்னால் தள்ளுவேன். கார் ஓடும்வரைக்கும் வியாழக்கிழமைகளில் உன் றோட்டால் போய் வருவேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

மூன்றாவதாக எழுதியது பிழை, தவமணி. அது அசையும்.

இன்னும் பக்கத்து சீற்றில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளும்
உன் புருசன், சுதாவின் அப்பா