படம் குளிர்ந்ததை அவளிடம் சொல்லவில்லை

என் செல்லச் சண்டைக்கார அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் கட்டிலில்தான் படுக்கிறேன், திட்டாதே. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

நம் இரகசியத்தை ஒருத்தியிடம் உளறிவிட்டேன். "ஆரிட்டையும் சொல்லாதை, சனம் வாசலில வந்து நிக்கும்" என்று எத்தனை தரம் சொன்னாய்! அவள் பெயர் தர்மினி. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு டியூசனுக்குப் புதிதாக வருகிறாள். நீ போன பிறகு என்னைச் சிரிக்க வைத்த முதல் ஆள்.

கடதாசிப் படத்தைத் தொட்டால், அதிலிருப்பவர் உயிரோடு இருந்தால் எனக்குச் சூடு தெரியும், இல்லாவிட்டால் விரல் விறைக்கும் என்றேன்.

"போடி விசரி, சும்மா அளக்காதை!"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அவள் பேர்சிலிருந்த சொந்தக்காரர்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரியாகச் சொன்னேன். அவளுடைய சிரிப்பு நின்றது. கடைசியாக ஒரு பாஸ்போர்ட் படத்தை நீட்டினாள்.

"இது அப்பா. படகில வெளிநாட்டுக்குப் போனவர். மூண்டு வருசமா ஒரு கதையும் இல்லை. அம்மா இண்டைக்கும் குங்குமம் வச்சுக்கொண்டுதான் வேலைக்குப் போறா. சொல்லடி, இருக்கிறாரோ?"

ஐஸ்கட்டி, அக்கா. ஆஸ்பத்திரி வாசலில் உன் படத்தைத் தொட்டபோது இருந்த அதே குளிர்.

"ஓம், சூடாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்தக் குங்குமத்தை அழிக்கச் சொல்ல நான் யார்? நீயென்றால் என்ன சொல்லியிருப்பாய்?

சற்று முன் தர்மினி எனக்குப் போன் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"அம்மாட்டைச் சொல்லிட்டன். அப்பாவை அனுப்பின ஏஜென்சிக்காரனோடையே கதைச்சிட்டா. அப்பாவைத் தேடி நாங்களும் படகில போறம்! நாளைக்கு அம்மாவோட வாறன், இன்னொருக்காத் தொட்டுச் சொல்லு."

ஐயோ, என் வாயால் இரண்டு பேரைக் கடலில் தள்ளப் பார்த்தேனே! போனை வைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நம் அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறா.

நாளைக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவேன். உன் மேல் சத்தியம். அவ என்னைச் சபிக்கலாம். தர்மினி இனி ஒருநாளும் என்னோடு கதைக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும்.

பரவாயில்லை அக்கா. உயிரோடு இருந்து என்னை வெறுக்கட்டும்.

பொய் சொல்லிப் பயந்துபோயிருக்கும்,
உன் தங்கச்சி