நடந்து போன வீடு

என் கோபக்காரிக்கு,

ஊரில் வெயில் சுடுகிறது என்று எழுதியிருந்தாய். உன் வாயை விடவா?

வீட்டை விட்டுவிட்டுக் கப்பலேறி வா என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறாய். நான் கிளம்புவதற்குள் வீடு கிளம்பிவிட்டது, போ! மழைத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும், பக்கத்து மரவள்ளிக் கொல்லை ஜாவாக்காரர் வாகிமின்தான் நம் கம்பத்து ஊர்க்கார ஆண்களையெல்லாம் கூட்டி வந்தார். மூங்கில் கட்டி, கூரையோடு நம் பலகை வீட்டைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பெண்கள் தேங்காய்ச் சோறு ஆக்கினார்கள். நீ இருந்திருந்தால் உப்புப் போதாது என்றிருப்பாய்.

என்னை முன்னால் நடக்கச் சொன்னார்கள். நான் நிற்கும் இடத்தில் இறக்குவார்களாம். பாலோ சாலையோரம், மேட்டில் வைப்பதாகத்தான் பேச்சு. நான் மேட்டையும் தாண்டி நடந்தேன்.

"அண்ணே, இன்னும் எவ்ளோ தூரம் லா? வீடு கனக்குது!" என்று மலாய் மொழியில் கத்தினார் வாகிமின்.

"வீடு இல்ல, நீங்க தின்ன சோறு கனக்குது!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பாக்கு மரங்களுக்கு அடியில், போன வருஷம் நம் பாப்பாவைப் புதைத்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். சிரிப்பு நின்றது. சத்தம் வராமல் வீட்டை இறக்கி, வாசலை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

கொல்லைப்புறம் போகவே துணை கேட்பாளே, அவளை விட்டுவிட்டு நான் எப்படிக் கப்பலேறுவது? திட்டுவாய், திட்டு. அங்கே உன்னோடு சின்னவன் இருக்கிறான். இவளோடு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் திட்டு வாங்கவே பிறந்தவன்