பிஸ்கட் ஏஜென்சி

13 செப்டம்பர் 1957, வெள்ளி

சிங்கப்பூர் பிஸ்கட் கம்பெனிக்காரர் நாளைக் காலை பதில் கேட்டு வருவார். முன்பணம் கட்டினால் இந்தக் காஜா பேராங் வட்டாரத்தில் அவர்கள் பிஸ்கட் நம் கோப்பிக் கடையில் மட்டும்தான். ஆனால் வேறு பிஸ்கட் எதையும் நாம் வைக்கக்கூடாது.

மூன்று நாளாக எனக்கு இதே பேச்சு. சுதந்திரம் வந்து நாடே புதிதாகிவிட்டது, நாமும் புதிதாக ஒன்று செய்வோம் என்று சரசுவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்று மத்தியானம் அவள் கையில் சோப்பைத் தேய்த்து, எங்கள் கல்யாணத்து வளையல்களைக் கழற்றிக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டாள். நான் கேட்கவே இல்லை.

அப்புறம் பாலில்லாத கோப்பி ஓ கலக்கி, மாதிரிக்குக் கொடுத்த டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டை முக்கினாள். வாய்க்குப் போகுமுன் பாதி கிளாசுக்குள் விழுந்துவிட்டது. இன்னொன்றும் அப்படியே.

"ஏங்க, நீங்க முக்கிப் பாக்கலையா?"

"ருசி நல்லாத்தானே இருந்துச்சு?"

"நம்ம கடைக்கு வர்றவங்க யாருங்க சும்மா கடிச்சுத் திங்கிறாங்க?"

சுர்ரென்று கோபம் வந்தது, என் மேல்தான். ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தவனுக்கு இது தோன்றவில்லையே.

கிளாசின் அடியில் கிடந்ததைக் கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டே, "உங்களுக்கு ஆசையா இருந்தா ஏஜென்சிய எடுங்க லா" என்றாள். வளையல் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மறுபடி சோப்பு போட்டு நான்தான் மாட்டிவிட்டேன். "வலிக்குது, மெதுவா!" என்று திட்டினாள்.

நாளை அந்த மனிதரிடம் நான் ஒன்றும் பேசப்போவதில்லை. சூடாக ஒரு கோப்பி ஓ வைப்பேன். பக்கத்தில் அவருடைய பிஸ்கட்.