அடைத்த நடுக்கதவு

வில்கமுவவுக்குப் போன யஹ்யா கடைசி பஸ்ஸில்தான் திரும்புவார். வந்ததும் கண்ணில் படட்டுமென்று, அவர் மனைவி றஹீமா திண்ணையிலிருந்த அரிக்கன் லாம்பின் அடியில் இந்தச் சீட்டை வைத்துவிட்டுப் போனாள்.

"புள்ளட வாப்பாவுக்கு,

சாவி வழக்கமா வைக்கிற மாடத்துல இருக்கு. காய்ச்சல்ல கெடந்த உங்கட நானா அஸர் தொழுகைக்குப் பொறகு மௌத்தாகிட்டாங்க. புள்ளயக் கூட்டிக்கிட்டு அங்க போறேன்.

பொதுக் கூரைக்குப் பழைய ஓடா, தகரமான்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சண்ட புடிச்சீங்க. அந்தக் கோவத்துல, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உங்கட வாப்பா வெச்ச கதவக் கல்லால அடைக்கச் சொல்லிட்டுப் போனீங்க. வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். மேசன் பகலே கட்டி முடிச்சிட்டார். பொறகுதான் நானாட வீட்டுல இருந்து பீபி மச்சி கத்துறது கேட்டுச்சு. நான் ரோட்டால சுத்தி ஓடுறதுக்குள்ள நானாட உயிர் போயிட்டு.

'தம்பி வீட்டுல என்ன தட்டுற சத்தம்?'னு காலையில நானா கேட்டாங்களாம். 'கதவப் பெருசாக்குறாங்க'ன்னு மச்சி சொன்னாங்களாம். நானா சிரிச்சாங்களாம்.

மய்யித்து வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டாங்க. சோறு ஆக்கி வெச்சிருக்கேன், பானையோட கொண்டு வாங்க.

றஹீமா"

பெயரை எழுதி முடித்த பிறகும் மனம் ஆறவில்லை போலும். சீட்டின் அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்:

"சாந்து இன்னும் காயல்ல. கல்லு நெம்புற அலவாங்க அந்தச் சுவத்துலயே சாத்தி வெச்சிருக்கேன். ரோட்டால சுத்தி வராதீங்க."