தாராவின் சனிக்கிழமை

18 ஜனவரி 2025, சனி

இன்று பதினொரு பேர். நாற்காலி பத்து. நான் என் ஏணி மேல் உட்கார்ந்துகொண்டேன். ஏர்கான் ரிப்பேர் செய்கிறவனுக்கு அது பழகின ஆசனம்.

என் மகள் பெர்னிஸும் அவள் கூட்டாளிகளும் யூனிவர்சிட்டி முடித்த கையோடு இந்தக் குரூப்பை ஆரம்பித்து, இடம் இல்லாமல் அலைந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் சர்வீஸ் பார்க்கிற டியூஷன் சென்டர் ஓனர், "சனிக்கிழம மத்தியானம் மாடி ரூம் காலிதான், எடுத்துக்கோ இருதயம்" என்றார். ரூம் என் பேரில். அதனால் போஸ்டரில் என் நம்பர். அதனால் நான் அட்மின். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம்.மில் மூன்றாம் கிரேடு வாங்கின ஆள், மெஷின் லேர்னிங் பேப்பர் படிக்கும் குழுவுக்குத் தலைவர்! முதல் வாரம் பேப்பர் என்றதும் நியூஸ் பேப்பர் என்று நினைத்து இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். குரூப்பில் குரு என்கிற பையன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

என் வேலை மூன்று. வாட்ஸ்அப்பில் நேரம் போடுவது. எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கி வருவது. எந்தச் சனிக்கிழமை யார் முறை என்று லிஸ்ட் வைத்திருப்பது. முறை வந்தவர் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படித்து வந்து மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். கேள்விகள் முடிகிற வரைக்கும் உட்காரக் கூடாது.

பிப்ரவரி 15 தாரா. 22 பெர்னிஸ்.

3 பிப்ரவரி, திங்கள்

பிரகலாதன் என்று ஒருவர் போன் செய்தார். சைபர்ஜெயாவில் ஏதோ கம்பெனியில் மெஷின் லேர்னிங் டீமுக்கு அவர்தான் பாஸாம்.

"அங்கிள், 15-ஆம் தேதி வந்து பின்னால உக்காரலாமா? டீமுக்கு ஒரே ஒரு ஆள் எடுக்கணும். இன்டர்வியூல எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. பேப்பர எப்படிப் படிக்கிறாங்கன்னு பாக்கணும். யாருக்கும் சொல்லாதீங்க லா."

யாருக்கும் சொல்லவில்லை. இதுவரைக்கும் நான் நல்லவன்.

4 பிப்ரவரி

15 தாரா.

5 பிப்ரவரி, புதன்

பெர்னிஸ் வேலை தேடி எட்டு மாதம். இன்றும் ஒரு 'சாரி' மெயில். சாப்பிடாமல் ரூமுக்குப் போய்விட்டாள். என் மனைவி செசிலியா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "ஊர்ல உள்ள ஏர்கான் எல்லாம் சரி பண்றீங்க. புள்ளைக்காகச் சொல்ல ஒரு ஆளத் தெரியல" என்றாள்.

ஒரு ஆளைத் தெரியும். தெரிந்து இரண்டு நாள் ஆகிறது.

6 பிப்ரவரி, வியாழன்

செய்துவிட்டேன்.

தாராவுக்கு போன் போட்டேன். "பெர்னிஸுக்கு 21-ஆம் தேதி ஞானப் பல்லு எடுக்கறாங்கம்மா. மறுநாள் வாயே தொறக்க முடியாது. நீ 22 எடுத்துக்கிறியா? அவ 15 பண்ணட்டும்."

பல் எங்கிருந்து வந்தது? எனக்கே தெரியாது. பொய்க்கு நாக்கைத் தூக்கினேன், பக்கத்தில் பல் இருந்தது.

கிள்ளானில் அம்மாவும் தாராவும்தான். ஷா ஆலம் பேக்டரியில் சரக்குச் சோதிக்கிற வேலை, கான்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது, வேற பாக்கணும் அங்கிள் என்று என்னிடமே போன வாரம் சொன்னாள். என்னிடமே.

"சரி அங்கிள்" என்றாள். "15-க்குப் போட்ட பேப்பர எல்லாரும் படிச்சிருப்பாங்க, அத மாத்த வேணாம். என் நோட்ஸ பெர்னிஸுக்கு அனுப்பிடறேன்."

நோட்ஸும் தருகிறாள்.

பெர்னிஸிடம் சொன்னது: தாராவுக்கு அன்றைக்கு ஓவர்டைம். ஒரு வீட்டுக்கு ஒரு பொய், ஃப்ரீ டெலிவரி.

15 பிப்ரவரி, சனி

தாரா வரவில்லை. 'என் முறை இல்லைன்னு ஓவர்டைம் எடுத்துட்டேன்' என்று மெசேஜ். நான் சொன்ன பொய் அதுவாகவே உண்மையாகிவிட்டது. ஆண்டவரும் நம்ம பக்கம்தான் போல என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

பெர்னிஸ் முதல் ஸ்லைடிலேயே 'நோட்ஸ்: தாரா. நன்றி' என்று போட்டிருந்தாள். பிரகலாதன் என் பக்கத்தில், கை கட்டிக்கொண்டு.

அன்றைய பேப்பர், டேட்டா லீக்கேஜ் என்ற ஒன்றைப் பற்றி. எனக்குத் தெரிந்த லீக் ஏர்கான் கேஸ் லீக்தான். பைப்பில் சோப்புத் தண்ணி தடவினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் வரும். இது வேறு. பெர்னிஸ் விளக்கினாள்: "மாடலுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துட்டு, தனியா ஒரு பரீட்ச வைக்கிறோம். ஆனா பரீட்சக் கேள்வி முன்னாடியே பாடத்துக்குள்ள கசிஞ்சிருந்தா? தொண்ணூறு மார்க் வாங்கும். அந்த மார்க் பொய் இல்ல. ஆனா அது மார்க்கும் இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். குமிழ் என் நெற்றியில் வந்தது. ஏர்கான் பதினாறு டிகிரியில் இருந்தது.

நன்றாகத்தான் பேசினாள். குரு குடைந்த கேள்விக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். அப்பனுக்குப் பெருமைப்படக்கூட யோக்கியதை இல்லாமல் போச்சே.

22 பிப்ரவரி, சனி

தாராவின் முறை. ஏழு பேர். பின் வரிசையில் நான் மட்டும். போர்டைப் பார்க்க முடியவில்லை, தே தாரிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் ஞானப் பல் எடுத்ததாகச் சொல்லப்பட்ட என் மகள் முன்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றாள். கடக் மொடக். கல் உடைக்கிற சத்தம். தாரா பேச்சை நிறுத்தி அவள் வாயைப் பார்த்தாள். முடிந்ததும் அவளிடம் ஏதோ கேட்கப் போனாள். நான் இருவருக்கும் நடுவில் பாய்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினேன்.

படியிறங்கும்போது தாரா மெதுவாக, "பல்லு எடுத்தாச்சா அங்கிள்?"

"தள்ளிப் போட்டாச்சும்மா."

"ஓ."

26 பிப்ரவரி

பெர்னிஸுக்கு வேலை கிடைத்துவிட்டது. செசிலியா அழுதாள், பாயசம் வைத்தாள். பெர்னிஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாத்தீங்களா டேடி, யார் சிபாரிசும் இல்லாம!" என்றாள்.

என் கிண்ணத்துப் பாயசத்தையும் அவளுக்கே ஊற்றிக் கொடுத்தேன்.

3 மார்ச், திங்கள்

கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்துவிட்டாள். அதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். ஐந்து நாள் இருந்தது. வாயே திறக்க முடியவில்லை. ஞானப் பல் எடுத்தது எனக்குத்தான்.

8 மார்ச், சனி

தாரா வரவில்லை. காரணம் எழுதவில்லை.

14 மார்ச், வெள்ளி

தவக்காலம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு ஃபாதர், "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"மொதல்ல உங்ககிட்டதான் ஃபாதர்."

"நான் அந்தப் பொண்ணு இல்லையே."

15 மார்ச், சனி

குரூப் முடிந்து திரும்பும்போது, வேனில், பெர்னிஸிடம் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு— ரோட்டைப் பார்த்துக்கொண்டு— அவளைப் பார்க்காமல். பல்லு, ஓவர்டைம், பிரகலாதன் போன், எல்லாம். ஒனக்காகத்தாம்மான்னு சொல்ல வந்தேன். நல்லவேளை, அதச் சொல்லல.

வீட்டுக்கு முன்னால் வேன் நின்றதும் பெர்னிஸ் கேட்டாள். "நேத்து பிரகலாதன் என் வேல நல்லா இருக்குன்னாரு டேடி. அது எனக்கா, தாரா நோட்ஸுக்கா? தாரா அன்னிக்கி பேசியிருந்தாலும் என்னத்தான் எடுத்திருப்பாரா? இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

தாராகிட்டேருந்துதான் எடுத்தேன்னு நெனச்சேன். ரெண்டு பேருகிட்டேருந்தும் எடுத்திருக்கேன்.

16 மார்ச், ஞாயிறு

கிள்ளானுக்குத் தனியாகப் போனேன். தாராவின் அம்மா பூரணம், "பெர்னிஸப்பா, ரூம் குடுத்து எவ்ளோ உதவி பண்றீங்க" என்று டீ வைத்தார். பிஸ்கட் வேறு. அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து தாராவிடம் சொன்னேன்.

பல் கதைக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "முறுக்கு சத்தம் கேட்டப்பவே தெரியும் அங்கிள்."

"அப்பறம் ஏம்மா என்கிட்ட கேக்கல?"

"ரூம் ஒங்க பேர்ல. லிஸ்டும் ஒங்க கையில. கேட்டிருந்தா அடுத்த லிஸ்ட்ல என் பேரு இருக்குமா?"

இருக்கும்மா, நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல— என்று வாய் வரைக்கும் வந்தது. எப்படிப்பட்ட ஆள் என்றுதான் இப்போது சொல்லி முடித்திருந்தேன்.

பிரகலாதன் விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியாது. "ஒரே ஒரு ஆளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அந்த முதுகை நான் எத்தனை நாள் பார்க்கப் போகிறேனோ.

கடைசியில், "என்கிட்ட சொன்னது பத்தாது அங்கிள். குரூப்ல சொல்லுங்க. நின்னுகிட்டு. கேள்வி முடியற வரைக்கும்."

17 மார்ச்

பெர்னிஸ் பிரகலாதனிடம் அவளாகவே சொல்லிவிட்டாள். கேள்விக்குப் பதில் சொன்னது நீதானே, லெட்டர் போட்டாச்சு, வேலையைப் பார் என்றாராம். தாராவுக்கு இப்போது இடம் இல்லையாம். இதை செசிலியாதான் எனக்குச் சொன்னாள். "ஆளத் தெரியலன்னு நான் சொன்னது, இதுக்கா?" என்றும் சொன்னாள்.

22 மார்ச், சனி

நின்றேன். ஸ்லைடு இல்லை. ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது, செய்த காரியம் அவ்வளவு சின்னது. கேள்விகள்தான் நாற்பது நிமிஷம்.

குரு சிரிக்கவில்லை. "பெர்னிஸ் ஒங்க மக இல்லாட்டி அங்கிள்?"

"மாத்தியிருக்க மாட்டேன்."

"இதுக்கு முன்னாடி லிஸ்ட்ல வேற என்னல்லாம் மாத்துனீங்க?"

"ஒண்ணும் இல்ல."

நம்பினார்களா? நானாக இருந்தால் நம்ப மாட்டேன். கால் வலித்தது. ஏணி மேல் நாள் முழுக்க நிற்கிற கால்.

தாரா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெர்னிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி லிஸ்டை தாரா வைத்துக்கொள்ளட்டும், பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓனரிடம் பேசி ரூமையும் அவர்கள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் 'நீங்கள் இப்போது அட்மின் இல்லை' என்று வந்தது. நியாயம்.

31 மார்ச்

தாராவின் கான்ட்ராக்டை மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்களாம். மூன்று மாதம்தான்.

5 ஏப்ரல்

பெர்னிஸ் இன்னும் என்னோடு பேசுவது செசிலியா வழியாகத்தான். "அம்மா, ரிமோட் எங்கன்னு டேடிகிட்ட கேளு." நான் பக்கத்துச் சோபாவில்தான் இருக்கிறேன். செசிலியாவும் விடாமல் மொழிபெயர்க்கிறாள்.

குரூப்புக்குப் போகவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

26 ஏப்ரல், சனி

காலையில் தாரா மெசேஜ். 'அங்கிள், இன்னிக்கி நான் பேசறேன். மூணு மணி.' அவ்வளவுதான்.

செமினியில் ஒரு கம்ப்ரஸர் மாற்றும் வேலை இழுத்துவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேரும்போது மூன்றரை தாண்டிவிட்டது. எனக்காக நிறுத்தி வைத்திருப்பார்களோ என்று ஒரு அசட்டு நினைப்பு. மேலே போனால் பாதி முடிந்திருந்தது. தாரா போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள், புதிதாக வந்த யாரோ ஒருத்தி விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். தே தாரிக் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. நாற்காலி ஒன்றும் காலியாகத் தெரியவில்லை. சட்டையெல்லாம் எண்ணெய் வேறு. போய்விடலாம் என்று படிப்பக்கம் திரும்பினேன்.

பெர்னிஸ், போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

போய் உட்கார்ந்தேன்.