கரையில் திரும்பும் வழிப்போக்கன்

பிப்ரவரி 3

மழை. வகுப்புச் சத்தம் வெளியே கேட்கிறதாம், கதவைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தச் சொல்லித் துறைத்தலைவர் உத்தரவு. புழுங்கிச் சாகவா? சாத்தவில்லை.

கடைசி வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள், பொறாமையாக இருந்தது. எனக்கும் பாதி நாள் கனவில்தான் போகிறது. கணினிக்குள் நிரலாக ஒரு வழிப்போக்கனை எழுதி விட்டிருக்கிறேனே, அவன் நினைப்புதான். நாணயம் சுண்டிச் சுண்டி நடப்பான். பறவைகளை ஆராயும் நண்பர், நம் பறவைக்காரர், கொடுத்த சொற்பத் தகவலுக்குப் பொருந்தும் இடமென்றால் அங்கேயே சுற்றுவான். அவன் அதிகம் சுற்றும் இடம்தான் சாம்பல் பறவைகள் குளிர்காலத்தில் போய் மறையும் இடம் – என் கணக்கு அது. அவனோ ஒரு வருடமாகக் கடற்கரையை உரசிக்கொண்டு நிற்கிறான்.

பிப்ரவரி 5

வீட்டுக்கு வந்ததும் இவர் இன்றும் கேட்டார்: "என்ன, உன் பறவை வீடு வந்து சேந்துச்சா?" சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 9

துறைத்தலைவர் கூப்பிட்டார். "பாடத்தை விட்டுடுங்க, ஆராய்ச்சி மட்டும் பாருங்க. ஒரு இடம் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

ஜன்னல், மேசை, நான், வழிப்போக்கன். வேறென்ன வேண்டும்? அப்புறம் ஏன் உடனே சரி என்று சொல்லாமல் வந்தேன்? பிள்ளைகளுக்குப் புரிந்த நொடியில் முகம் மாறுமே, அதை எங்கே போய்த் தேடுவேன்? இவரானால், "ரெண்டையும் இழுத்துப் போட்டுக்கிட்டா எது உருப்படும்?" என்கிறார். உண்மைதானோ?

பிப்ரவரி 14

சரி என்று சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 17

வகுப்பில் வழிப்போக்கனை விளக்கினேன். யார் மண்டையிலும் ஏறவில்லை. நானே கண்ணைக் கட்டிக்கொண்டேன். "நாணயத்தைச் சுண்டுங்க. பூ விழுந்தா இடது பக்கம் ஒரு அடி, தலை விழுந்தா வலது பக்கம். சுவர் வந்தா திரும்பிடுவேன்."

"தலை! தலை! பூ! தலை!" என்று கத்தினார்கள். அந்த இருட்டு இதமாக இருந்தது. நீட்டிய கைக்குச் சுவர் வரவே இல்லை. குரல்கள் தேய்ந்தன. முகத்தில் சில்லென்று காற்று. எதன் மீதோ மெத்தென்று மோதினேன்.

"பாடம் நடத்துறீங்களா, கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" துறைத்தலைவர்! கட்டை அவிழ்த்தால் நடைக்கூடத்தில் நிற்கிறேன். உள்ளே ஒரே கும்மாளம். "மேடம், கதவு தெறந்திருந்துச்சு. நீங்க சுவரைப் பத்தி மட்டும்தானே சொன்னீங்க?"

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அடிப்பாவி – கடற்கரையில சுவர் வெச்சது நான்தானே! நிரல் எழுதிய முதல் நாள், நிலத்துப் பறவை கடலைத் தாண்டாது என்று நானே முடிவு கட்டி, கரை வந்தால் திரும்பு என்று ஒரு வரி போட்டேன். அப்புறம் அடியோட மறந்துட்டேன். பாவம், ஒரு வருஷமா அங்கேயே நின்னு முட்டிக்கிட்டிருந்திருக்கான்.

பிப்ரவரி 18

அந்த வரியை எடுத்தேன். வழிப்போக்கன் கடலுக்குள் நடந்தான். மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன், டீ ஆறிப்போனது. வரைபடத்தில் பெயர்கூட இல்லாத ஒரு தீவையே சுற்றிச் சுற்றி வருகிறான். பறவைக்காரரிடம் சொன்னேன். படகு தேடக் கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 26

பறவைக்காரர் தீவிலிருந்து போன் செய்தார். "கேளுங்க" என்றார். போனை உயரத் தூக்கிப் பிடித்தார் போலிருக்கிறது. காற்று. அதற்கு மேல் எத்தனையோ பறவைகளின் குரல். அழுதுவிட்டேன். இவரிடம் கொடுத்தேன். கேலி ஒன்றும் பண்ணாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 28

துறைத்தலைவரிடம் போய், அடுத்த பருவத்துக்கும் அதே வகுப்பு வேண்டும் என்றேன்.

"அப்ப ஆராய்ச்சி இடம்?"

"வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்."

துறைத்தலைவர் என்னையே பார்த்தார். "நல்லா யோசிச்சீங்களா? சரி, வேற ஏதாவது வேணுமா?"

"கதவை மட்டும் சாத்தச் சொல்லாதீங்க."